ஒன்பதாம் நாள் தண்ணீர்

ஷெம்தோவ் ஃபராஜி தன் அக்கா வீட்டு முற்றத்துக்குள் நுழைந்தபோது பலோம்பா நான்காவது அண்டாவில் தண்ணீரை நிரப்பி, மேலே தாம்பாளத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவன் அண்டாக்களை எண்ணினான். சுவரோரம் சாய்த்திருந்த புது விளக்குமாறைப் பார்த்தான். அதன் பக்கத்தில் சுண்ணாம்புத் தொட்டி இருந்தது. அதையும் பார்த்தான். மூக்கு நுனி சிவந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கோபம் முதலில் வருவது மூக்கில்தான்.

"அக்கா, ஜெபக்கூடத்து வாசல்ல நோட்டீஸ் ஒட்டியிருந்தேனே, பார்த்தியா?"

"பார்த்தேன். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா? எதிர்வீட்டு ஜோயா மகள்தான் படிச்சுக் காட்டினா. கையெழுத்து முத்து முத்தா இருக்குன்னு சொன்னா. இருக்காதா பின்னே! அந்தக் கைக்குப் பேனா வாங்கிக் குடுக்க நான் எத்தனை வீட்டுத் துணி துவைச்சேன்."

"பேச்சை மாத்தாதே. என்ன எழுதியிருக்குன்னு புரிஞ்சுதா இல்லையா?"

புரியாமல் என்ன? துருக்கி சுல்தான் ஆண்ட அந்த மொனாஸ்திர் ஊரில், யூதர் தெருவின் நாற்பது வீடுகளிலும் மூன்று நாளாக இதே பேச்சுதான். ஆவ் மாதம் ஒன்பதாம் நாள் வருகிறது. எருசலேமில் ஆண்டவனின் வீடு எரிந்த நாள். முதல் நாள் மாலை தொடங்கி மறுநாள் மாலை வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. தோல் செருப்பு கிடையாது, குளியல் கிடையாது, ஒருவருக்கொருவர் முகமன் சொல்வதுகூடக் கிடையாது. தரையில் உட்கார்ந்து அழ வேண்டும். அதில் யாருக்கும் சண்டையில்லை. சண்டையெல்லாம் அன்றைய பிற்பகலைப் பற்றியது. உச்சிப்பொழுது சாய்ந்ததும் அந்தத் தெருப் பெண்கள் எழுந்து வீட்டைப் பெருக்கி, தரையைக் கழுவி, வாசற்படிக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். ஏனென்றால், வீடு எரிந்த அதே நாளின் பிற்பகலில்தான் மீட்க வருகிறவர் பிறப்பார் என்பது அவர்கள் நம்பிக்கை. நானூறு வருடத்துக்கு முன் ஸ்பெயினை விட்டுத் துரத்தப்பட்டுக் கப்பலேறியபோது மூட்டை முடிச்சோடு இந்த நம்பிக்கையையும் கட்டிக்கொண்டு வந்தவர்களின் வம்சம்.

கூடத்தின் புது நிர்வாகி ஷெம்தோவ். சலோனிக்கா பட்டணத்தில் ஆறு வருடம் இருந்துவிட்டு, கழுத்துப்பட்டியும் கடிகாரச் சங்கிலியுமாகத் திரும்பி வந்தவன். அவன் ஒட்டிய நோட்டீஸ் இதுதான்: இந்த வருடம் ஒன்பதாம் நாள் யாரும் தரை கழுவக் கூடாது. மீறினால் சமூகப் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படும். ஜெபக்கூடத்தில் இடமில்லை. செத்தால் அடக்கம் செய்ய ஆள் வராது, கல்லறைத் தோட்டத்தில் குழியும் கிடையாது.

"இரண்டு மாசமா மழை இல்லை. சதுக்கத்துக் குழாயில விரல் தடிமனுக்குத் தண்ணி வருது, அதுவும் காலையில பத்து மணியோட நின்னுடுது" என்றான் ஷெம்தோவ். "குடிக்கத் தண்ணியில்லாத ஊர்ல தரையைக் கழுவுவாங்களா? அதுவும் துக்க நாள்ல! வெளியூர்க்காரன் பார்த்தா சிரிக்கிறான், அக்கா. காலையில ஒப்பாரி, மத்தியானம் கல்யாண வீடு மாதிரி தண்ணியைக் கொட்டிக்கிட்டுப் பாட்டு. முகம் கழுவக்கூடாத நாள்ல தரையைக் கழுவுறீங்களே, இதுல ஏதாவது நியாயம் இருக்கா?"

"முகம் என்னுது. தரை வர்றவருக்கு."

"ஐயோ!"

"என்னடா ஐயோ? இது குடிக்க வெச்ச தண்ணியில ஒரு குவளை விட்டு, சமைக்க வெச்சதுல ஒரு குவளை விட்டு, மூணு வாரமா நாங்க சேர்த்தது. உன் குழாயில இருந்து ஒரு சொட்டு அதிகமா எடுக்கலை."

"நீ நிறுத்தினா எல்லாரும் நிறுத்திடுவாங்க. நீ செஞ்சா, நிர்வாகியோட அக்காவே செய்யறான்னு எல்லாரும் செய்வாங்க. என் மானம் உன் கையில இருக்கு."

பலோம்பா நிமிர்ந்து பார்த்தாள். அவள் நாற்பத்தாறு வயதுக்காரி. பிள்ளையில்லை. கணவன் மெர்க்காதோ ஐந்து வருடத்துக்கு முன் காய்ச்சலில் போய்விட்டான். கல்லறைத் தோட்டத்தின் சுவரோரம், ஒரு பிளம் மரத்தடியில் படுத்திருக்கிறான். அவனுக்குப் பக்கத்தில் ஆறடி இடம் அவளுக்காகக் காலியாக இருக்கிறது. உலகத்தில் அவளுக்கென்று நிச்சயமாக இருந்த ஒரே இடம் அது.

"நான் கழுவினா என் பேரையும் அடிச்சிடுவியா?" என்று கேட்டாள்.

ஷெம்தோவ் கடிகாரச் சங்கிலியைத் திருகினான். "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"சரி, போயிட்டு வா. வழியில அண்டா இருக்கு, இடிச்சுக்காதே."

அவன் போனான். போகும்போது, வருடாவருடம் ஒன்பதாம் நாளுக்காக அக்காவிடம் கேட்கிற ஒன்றை இந்த முறை கேட்காமலே போனான். அது சாம்பல். துக்க நாள் காலையில் எல்லோர் நெற்றியிலும் வைக்க, கூடத்துக்குச் சாம்பல் வேண்டும். பலோம்பா தன் அடுப்புச் சாம்பலை மூன்று நாள் ஆறவைத்து, மெல்லிய துணியில் சலித்து, மண்சட்டியில் போட்டுக் கொடுப்பாள். இந்த வருடமும் சட்டி தயாராக ஜன்னலோரம் இருந்தது. அவன் கேட்கவில்லை. கேட்டால் இறங்கிப்போனது மாதிரி ஆகிவிடுமாம். இவளும் கொடுக்கவில்லை. வலியப் போய்க் கொடுத்தால் இவள் மரியாதை என்னாவது? ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பிடிவாதம், ஒன்றுக்கொன்று சளைத்ததா என்ன!

ஒன்பதாம் நாள் பிறந்த மாலையில் கூடம் நிறைந்திருந்தது. விளக்குகளை அணைத்துவிட்டு ஆண்கள் கோரைப்பாயில் உட்கார்ந்தார்கள். தோரா என்னும் வேதச் சுருள்கள் இருக்கும் பேழையின் திரை அகற்றப்பட்டு, சுருள்களுக்குக் கறுப்புத் துணி போர்த்தியிருந்தது. பெண்கள் தங்களுக்கான வெளிப்படி ஏறி, மேல்மாடத்தில் மரத்தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஓதுவார் மூஷோன் எழுந்து நின்றார். அந்த ஊர் வழக்கப்படி, வீடு எரிந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று அவர்தான் உரக்கச் சொல்ல வேண்டும்.

"இன்றோடு நம் வீடு எரிந்து ஆயிரத்து எண்ணூற்று இருபத்து நான்கு வருடம்!"

சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. கூடம் முழுவதும் அழுதது. போன வாரம் போன உயிருக்கு அழுவதுபோல அழுதார்கள். குருவான ரப்பி இருட்டிலிருந்தே பேசினார்.

"முதல் வீட்டை பாபிலோன்காரன் கொளுத்தினான், இதே நாள். திரும்பக் கட்டினோம். ரோமாபுரிக்காரன் கொளுத்தினான், அதுவும் இதே நாள். ரெண்டாவது வீடு ஏன் எரிஞ்சுது? அப்போ நம்ம ஜனங்க படிச்சவங்க, தானம் செய்யறவங்க, ஜெபம் தவறாதவங்க. ஆனா காரணமே இல்லாம ஒருத்தரை ஒருத்தர் வெறுத்தாங்க. நெருப்பை அந்நியன் வெச்சான். விறகை அடுக்கினது நாம."

மாடத்தில் ஜோயா மெல்ல பலோம்பாவின் விலாவில் இடித்தாள். "கேட்டுக்கோ. உனக்கும் உன் தம்பிக்கும்தான் சொல்றாரு."

"எங்களுக்கு இல்லை. எனக்குக் காரணம் இருக்கு" என்றாள் பலோம்பா.

அழுகைக்கு நடுவே ஜோயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைத்துணி நுனியை வாயில் அடைத்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு அடங்கி, தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "பலோம்பா, நான் நாளைக்குக் கழுவலைடி. கோபிச்சுக்காதே. என் வீட்டுக்காரர் அடக்கம் செய்யற சங்கத்துல இருக்காரு. பெனுதாவும் மாட்டாளாம். யாருமே மாட்டாங்க. நீயும் விட்டுடு. ஒரு வருஷம்தானே!"

தனியாக நிற்பது பலோம்பாவுக்குப் புதிதல்ல. ஆனால் செத்த பிறகும் தனியாகக் கிடக்க வேண்டுமா என்று நினைத்தபோது கண்ணீர் வந்தது. எருசலேமுக்காக அழுகிற கூட்டத்தில் அவள் மெர்க்காதோவுக்காகவும் சேர்த்து அழுதாள். யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் சாம்பல் வந்தது. ரொட்டிக்கடை அடுப்பிலிருந்து ஷெம்தோவ் தானே அள்ளி வந்திருந்தான். நோன்பு தொடங்குமுன் சாப்பிட, முந்தின நாள் முழுக்கத் தெருவின் முட்டைகளெல்லாம் அந்த அடுப்பில்தான் வெந்தன. எதில் கொண்டு வந்தான் தெரியுமா? மண்சட்டியிலா? துரை மண்சட்டியைத் தொடுவாரா! பித்தளைக் கைப்பிடி வைத்த மரப்பெட்டியில் கொண்டு வந்தான். சலோனிக்காவில் வாங்கிய தேயிலைப் பெட்டி.

ஓதுவார் மூஷோன் இரண்டு விரலால் சாம்பலை எடுத்து எடுத்து ஒவ்வொருவர் நெற்றியிலும் வைத்தார். பாதிப் பேருக்கு வைத்து முடித்து, விரலை ஆழமாக விட்டவர் வெடுக்கென்று கையை இழுத்து உதறினார். விரலை ஊதினார். பிறகு மேலாகக் கொஞ்சம் எடுத்து மீதிப் பேருக்கு வைத்துவிட்டு, பெட்டியை மூடி மாடிப்படிக்குக் கீழே, சுருட்டி வைத்திருந்த உபரிப் பாய்களோடு தள்ளிவிட்டார்.

மரத்தட்டியின் ஓட்டை வழியாக பலோம்பா அதைப் பார்த்தாள். பார்த்ததும் புரிந்துவிட்டது. முப்பது வருடம் அடுப்பு ஊதியவளுக்குப் புரியாதா? அடியில் கங்கு இருக்கிறது. ஆறாத சாம்பல். யாரையாவது அனுப்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. 'என்னைக் கேட்டிருந்தா இந்தக் கதி வருமா? ஓதுவார் விரல் சுட்டதுக்கு நாளைக்கு நாலு பேர் கேட்கட்டும் நிர்வாகியை' என்று உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது அவளுக்கு. இவள் நம் கதையின் நாயகிதான், அதற்காக மூடி மறைக்க முடியுமா? வந்தது.

உச்சிப்பொழுது சாய்ந்தது. ஆண்கள் தரையிலிருந்து எழுந்து, பாய்களைச் சுருட்டிப் படிக்குக் கீழே அடுக்கினார்கள். நாக்கு வறண்டு, துணிச்செருப்பை இழுத்துக்கொண்டு, பிற்பகல் ஜெபம் வரை படுக்கலாம் என்று வீட்டுக்குப் போனார்கள். ஷெம்தோவ் கூடத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான்.

எந்த வருடமும் இந்த நேரத்துக்குத் தெரு கலகலவென்று இருக்கும். இன்று ஒரு கதவு திறக்கவில்லை. பலோம்பா தன் வாசலில் நின்று நாற்பது வீட்டையும் பார்த்தாள். ஜன்னலுக்குப் பின்னால் தலைகள் தெரிந்தன. ஒரு வருடம்தானே என்றாள் ஜோயா. ஒரு வருடம் விட்டால் அடுத்த வருடம் கை தானாக எழாது. அதற்கடுத்த வருடம் ஏன் செய்தோம் என்பதே மறந்துபோகும். அவள் நீளப் பாவாடையை இடுப்பில் தூக்கிச் செருகினாள். முதல் வாளியை மொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சளாரென்று படியில் ஊற்றினாள்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "அடி பைத்தியமே! உள்ளே போடி! உன் தம்பி வர்றாரு!" என்று கத்தினாள் ஜோயா.

"வரட்டும். தரை வழுக்கும், பார்த்து வரச் சொல்லு."

ஷெம்தோவ் வந்தான். கையில் தடித்த பதிவேடு, காதில் பென்சில். நெற்றியில் சாம்பல் வேர்வையில் கரைந்து மூக்கு வரை வழிந்திருந்தது. அவனும் நேற்றிலிருந்து பட்டினிதானே. அவளுக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. மறுகணம் நோட்டீஸ் நினைவுக்கு வந்தது. அடுத்த வாளியை மொண்டாள்.

"நிறுத்து அக்கா."

"பெருக்கி முடிச்சதும் நிறுத்தறேன்."

"தெருவே பார்க்குது. நான் எழுதியே ஆகணும். எழுதினா என்ன ஆகும்னு தெரியுமா? மெர்க்காதோ மச்சான் பக்கத்துல உனக்கு இடம் இல்லாமப் போயிடும்." அவன் குரல் தழைந்தது. "ஒரே ஒரு வார்த்தை சொல்லு. மறந்துபோய் ஊத்திட்டேன்னு சொல்லு. நான் திரும்பிப் போயிடறேன். உன்னைக் கெஞ்சிக் கேட்கறேன்."

அவள் விளக்குமாறை ஊன்றி நின்றாள். "டேய், அந்த ரெண்டு வீட்டுக்காக அழறதை யாரும் தடுக்கலை. ராத்திரியெல்லாம் நான் அழுதேன். ஆனா அழுது முடிச்சதும் எழுந்து இடத்தைச் சுத்தம் பண்ணணும். வரப்போறவருக்கு இங்க ஒரு இடம் தயாரா இருக்குன்னு காட்டணும். அழறதை மட்டும் வெச்சுக்கிட்டு இதை விட்டா, நாம வெறும் சாவு வீட்டுக்காரங்கடா. அப்படியே ஆயிரம் வருஷம் உட்கார்ந்திருப்போம்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எழுது. மெர்க்காதோகிட்ட நான் சொல்லிக்கறேன். அவருக்குப் புரியும். என் வாய்க்குப் பயந்து இருபது வருஷம் குடும்பம் நடத்தினவரு."

அவன் பென்சிலை எடுத்தான். பலோம்பா என்று எழுத அவனுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

அப்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஜோயா இரண்டு கையிலும் இரண்டு வாளியோடு வந்து தன் வாசலில் நின்றாள். முகம் வெளிறியிருந்தது. "என் பேரையும் எழுதுங்க, நிர்வாகி ஐயா. ஜோயா, இரட்டை வாளி. என் வீட்டுக்காரர் என்னைப் புதைக்கலைன்னா சமைக்கிறதுக்கும் ஆள் பார்த்துக்கட்டும்!"

அடுத்து பெனுதா வந்தாள். அதற்கடுத்த வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒரு தவலையை ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். கதவுகள் வரிசையாகப் படார் படாரென்று திறந்தன. குடம், அண்டா, வாளி, தொட்டி என்று மூன்று வாரமாக ஒளித்து வைத்த தண்ணீர் அத்தனையும் வாசலுக்கு வந்தது. "என் பேரு! என் பேரு!" என்று எட்டுத் திசையிலிருந்தும் சத்தம். பலோம்பா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். நேற்று இரவு அழுதது வேறு, இது வேறு. ஷெம்தோவ் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நடுத்தெருவில் திருதிருவென்று விழித்தான்.

"என்ன வாசனை?" என்றாள் பெனுதா திடீரென்று.

எல்லோரும் மூக்கை உயர்த்தினார்கள். பாய் எரிகிற வாசனை. தெருக்கோடியில், பூட்டிய ஜெபக்கூடத்தின் மேல் ஜன்னலிலிருந்து புகை ஒழுகிக்கொண்டிருந்தது.

பலோம்பாவின் உயிர் போய் வந்தது. "சாம்பல்!" என்று அலறினாள். "டேய், அந்தப் பெட்டி!"

ஷெம்தோவ் பதிவேட்டைப் போட்டுவிட்டு ஓடினான். கூடத்துக்கா? இல்லை, பழக்கதோஷத்தில் நேராகச் சதுக்கத்துக் குழாயடிக்கு. திருகினான். குழாய் ஒரு முறை இருமியது. ஒரு சொட்டுகூட வரவில்லை. ஆற்றில் கூழாங்கல்தான் கிடக்கிறது. ஒன்பதாம் நாள், ஆண்டவனின் வீடு எரிகிறது, ஊரில் தண்ணீர் இல்லை. குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"சாவியை எடுடா மடையா!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

திரும்பிப் பார்த்தான். தெரு முழுக்கப் பெண்கள் நின்றார்கள். தலையில் குடம், இடுப்பில் குடம், இரண்டு கையிலும் வாளி. முன்னால் அவன் அக்கா.

கதவைத் திறந்ததும் புகை முகத்தில் அறைந்தது. மாடிப்படி திகுதிகுவென்று எரிந்தது. பாய்களெல்லாம் ஒரே கொழுந்தாகி, நுனி மேல்மாடத்து மரத்தட்டியை எட்டி எட்டி நக்கியது. காய்ந்துபோன பழைய மரம். அது பிடித்தால் கூரை பிடிக்கும், கூரை பிடித்தால் தெருவே போய்விடும். அந்தப் பெண்களில் ஒருத்தியும் அதுவரை அந்த வாசல் வழியாக ஆண்கள் பகுதிக்குள் கால் வைத்ததில்லை. ஒரு நொடி தயங்கினார்கள்.

"என்னடி பார்க்கறீங்க? கழுவத்தானே வந்தோம், கழுவுங்க!" என்று கத்தியபடி பலோம்பா முதல் வாளியோடு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு யாரும் தயங்கவில்லை. வீட்டிலிருந்து கூடம் வரை வரிசை நின்றது. நிரம்பிய வாளி உள்ளே போக, காலி வாளி வெளியே வந்தது. சத்தம் கேட்டு ஆண்கள் எழுந்து ஓடி வந்தார்கள். சிலருக்கு ஒரு காலில்தான் செருப்பு. ஷெம்தோவ் புகைக்குள் குனிந்து ஓடிப் பேழையைத் திறந்தான். கறுப்புத் துணியோடு சுருள்களை ஒவ்வொன்றாகக் குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்து எடுத்து வந்து, வாசலில் நின்ற மூஷோன் கையில் கொடுத்தான். ஐந்து சுருள். ஐந்து தடவை உள்ளே போனான். ஐந்தாவது தடவை புருவம் கருகி வந்தான்.

படி அடங்கியது. ஆனால் மரத்தட்டியின் ஒரு மூலையில் நெருப்பு பிடித்துக்கொண்டது. "தண்ணி!" என்று பலோம்பா கத்தினாள். வந்த வாளியில் கால்வாசிதான் இருந்தது. "இன்னும்!" என்றாள். அவளுடைய நான்காவது அண்டாவும் வந்து கவிழ்ந்தது. நெருப்பு சீறி அடங்கி மறுபடி தலை தூக்கியது. "இன்னும்டி!"

"தீர்ந்துபோச்சு பலோம்பா! தெருவுல ஒரு சொட்டு இல்லை!"

எல்லோரும் மேலே பார்த்தார்கள். ஆயிரத்து எண்ணூறு வருடத்து அழுகை அந்த ஒரு மூச்சில் எல்லோர் தொண்டையிலும் நின்றது. மறுபடியுமா? இதே நாளிலா?

"சுண்ணாம்பு!" என்றாள் பலோம்பா.

வாசற்படிக்கு அடிக்க வைத்திருந்த சுண்ணாம்புத் தொட்டி! ஜோயாவும் பெனுதாவும் அதைத் தூக்கி வந்தார்கள். கனமான தொட்டி. ஷெம்தோவ் பாய்ந்து வந்து ஒரு பக்கம் பிடித்தான். மறுபக்கம் பலோம்பா பிடித்தாள். அக்காவும் தம்பியும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒண்ணு, ரெண்டு..."

"மூணு!"

வெள்ளை நீர் எழும்பி மூலையில் அறைந்தது. பாதி நெருப்பின் மேல் விழுந்தது. மீதிப் பாதி நிர்வாகியின் மேலேயே திரும்பி வழிந்தது. உஸ்ஸென்று ஒரு சத்தம். பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் ஓசைதான் கேட்டது.

நெருப்பு அணைந்துவிட்டது.

படி போயிற்று, பாய்கள் போயின, ஒரு பெஞ்சு போயிற்று. கூரை நின்றது. பேழை நின்றது. நான்கு சுவரும் நின்றன. பலோம்பா ஒரு தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். சந்தோஷம் தாங்காத அழுகை. கூடமே ஆரவாரித்தது. துக்க நாளில் அப்படிச் சத்தம் போடலாமா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளையாக நின்ற ஷெம்தோவ், படிக்குக் கீழே குனிந்து கருகிய பித்தளைக் கைப்பிடியை எடுத்தான். எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தான்.

"நான்தான்" என்றான். "சாம்பலைக் கொண்டுவந்தது நான். அக்காகிட்டக் கேட்க ரோஷம். அந்த ரோஷத்துல கங்கோட அள்ளிட்டு வந்தேன். என் கையாலே இந்த வீட்டைக் கொளுத்தப் பார்த்தேன்."

"நானும்தான்" என்று பலோம்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஓதுவார் கையை உதறினப்போவே கங்கு இருக்குன்னு எனக்குத் தெரியும். உனக்கு நல்லா வேணும்னு வாயை மூடிக்கிட்டேன். ராத்திரி ரப்பி சொன்னது எங்களைத்தான், ஜோயா. நீ சொன்னது சரி."

ரப்பி வாசலில் நின்றிருந்தார். கரியும் சுண்ணாம்பும் கலந்து ஓடுகிற தரையையும், முழங்கால் வரை நனைந்து ஆண்கள் பகுதியில் நிற்கிற பெண்களையும் பார்த்தார்.

"ரெண்டு தடவை நம்ம வீடு எரிஞ்சப்போ அணைக்க நமக்குத் தண்ணி இல்லை. இந்தத் தடவை இருந்துது" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "தரை பாதிதான் கழுவியிருக்கு. முடிச்சிட்டா பிற்பகல் ஜெபத்தைத் தொடங்கலாம்" என்றார்.

ஷெம்தோவ் அக்கா கையிலிருந்த விளக்குமாறை வாங்கினான். அவன் பெருக்குகிற லட்சணத்தைப் பார்த்து ஒரு கிழவி தலையில் அடித்துக்கொண்டாள். "வளைச்சுப் பெருக்குடா, கோலு மாதிரி நிக்கறே!" என்று பலோம்பா விரட்டினாள். அவனைப் பார்த்து மற்ற ஆண்களும் வந்தார்கள். பட்டினி வயிறும் வறண்ட நாக்குமாக அந்தத் தெருவே சேர்ந்து அந்த வீட்டைக் கழுவியது. நடுவில் யாரோ பாட்டு எடுக்க, ஓதுவார் மூஷோனே பின்பாட்டு பாடினார்.

"என் பதிவேடு எங்கே?" என்று ஷெம்தோவ் ஒரு கட்டத்தில் கேட்டான்.

ஜோயா ஒரு கருகிய அட்டையை நீட்டினாள். "கிழக்கு மூலையில பொறி விழுந்துது. கைக்கு வேற எதுவும் கிடைக்கலை. இதாலதான் அடிச்சு அணைச்சேன். ரொம்ப நல்ல பதிவேடு, ஐயா."

அவன் அந்த அட்டையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கிட்டே வந்த பலோம்பா அவன் தலையில் இருந்த சுண்ணாம்பைத் தன் பாவாடை நுனியால் துடைத்துவிட்டாள்.

மறுவருடம் ஒன்பதாம் நாளுக்கு மூன்று நாள் முன்பே ஷெம்தோவ் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டான். சாம்பல் சட்டியை இரண்டு கையாலும் வாங்கினான். "ஆறிடுச்சா?" என்று கேட்டு, அவள் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டான். கூடத்து வாசலில் புது நோட்டீஸ் ஒட்டியிருந்தது: ஒன்பதாம் நாள் பிற்பகல் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு வாளி தண்ணீரும் ஒரு விளக்குமாறும் கூடத்துக்கு வர வேண்டும். விளக்குமாறு பிடிக்க ஆண்கள்.

அன்று மாலை விளக்குகளை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். மேல்மாடத்துத் தட்டியின் ஒரு மூலை மட்டும் கருகியே இருந்தது. அதை மாற்றக் கூடாது என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். ஓதுவார் மூஷோன் எழுந்தார்.

"இன்றோடு நம் வீடு எரிந்து ஆயிரத்து எண்ணூற்று இருபத்தைந்து வருடம்!"

கூடம் அழுதது. அழுகை ஓயும் நேரத்தில், யாரும் எதிர்பார்க்காமல் இருட்டில் ஒருவன் எழுந்து நின்றான். குரலை வைத்து அது நிர்வாகி என்று தெரிந்துகொண்டார்கள்.

"இன்றோடு நம் வீடு எரியாமல் நின்று ஒரு வருடம்!"

பிறகு கருகிய மூலைக்குப் பின்னாலிருந்து, மெர்க்காதோவின் பக்கத்தில் ஆறடி இடத்தைத் திரும்பப் பெற்றுவிட்ட ஒருத்தியின் குரல் கணீரென்று வந்தது.

"எண்ணிக்கிட்டே இரு தம்பி! விட்டுடாதே!"